சாட்பாட்டா, சக பிள்ளைகளா?

மகனுக்கு 14 வயது. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான், தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்க வராது. தன் உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுக்கொள்ளட்டும் என்று முதல் 3 மாதம் ஏஐ சாட்பாட்டோடு பழக்கிப் பார்த்தோம். பிறகு, ஏழெட்டுப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை உட்காரவைத்து ஆலோசகர் ஒருவர் நடத்தும் பயிற்சிக் குழுவில் சேர்த்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறான், அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

செலவிலும் நேரத்திலும் சாட்பாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேலி செய்யாது என்பதும் கூச்சப்படும் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. "அது கோபமில்லப்பா, அவமானமா இருந்துச்சு" என்று அவன் முதன்முதலாகப் பிரித்துச் சொன்னது அந்த 3 மாதத்தில்தான். பள்ளிகளில் இந்த உணர்வு, உறவுத் திறன்களைக் கற்பிக்க உழைக்கும் அமெரிக்க அமைப்பான காசெல் (CASEL) அவற்றை ஐந்தாகப் பிரிக்கிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரைப் புரிதல், உறவு பேணல், பொறுப்பாக முடிவெடுத்தல். முதலாவதற்குச் சாட்பாட் தாராளமாகப் போதும். உறவு என்று வரும்போதுதான் இடிக்கிறது.

நண்பனின் ரகசியத்தை வகுப்பில் உளறிவிட்டான். சாட்பாட்டையே நண்பனாக நடிக்கச் சொல்லி ஒத்திகை பார்த்தான். இரண்டாவது வரியிலேயே "பரவாயில்லடா, நீ வந்து சொன்னதே பெரிசு" என்றது. கோபமாக நடி என்றால் நாலு வரி கோபம், உடனே சமாதானம். மறுநாள் நிஜ நண்பன் வாயே திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

மனிதர்களுக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் போட்டுப் பழக்குவதால், சாட்பாட்டுகளை இயக்கும் ஏஐ மாடல்கள் ஆமாம் சாமி போடக் கற்றுக்கொள்கின்றன. அளவுக்கு மீறி ஜால்ரா தட்டுகிறது என்றுதான் 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலின் அப்டேட் ஒன்றைத் திரும்பப் பெற்றது. அதைச் சரிசெய்தாலும் ஒரு குறை மிஞ்சும்: சாட்பாட்டுக்கு மௌனம் தெரியாது. எழுதினால் பதில் வந்தே தீரும்.

குழுவில் அதே காட்சியை நடித்தார்கள். நண்பனாக நடித்த பெண் கையைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தாள். ஐந்து வினாடிகூட இவனால் தாங்க முடியவில்லை, "அதான் ஸாரி சொல்லிட்டேன்ல!" என்று எரிந்து விழுந்தான். ஆலோசகர் "பொறு" என்று மட்டும் சொன்னார். முடிந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "நீ எனக்காக ஸாரி கேக்கல. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு கேட்ட." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவன் பேசவில்லை.

குழுவிலும் தொல்லை உண்டு. ஆலோசகருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் போச்சு. வாயாடிப் பிள்ளை ஒன்று இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பே வராது. இதெல்லாம் ஒரே பிள்ளையை வைத்துச் சொல்வது. ஒரே உரையாடலை இருபது தடவை பழக வேண்டிய பிள்ளைக்குச் சலிக்காத சாட்பாட்தான் தோதாக இருக்குமோ என்னவோ. துணை, காதலி வேஷம் போடும் ஆப்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கற்பனைக் கதாபாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர்.ஏஐ நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்கள் அவற்றோடு இஷ்டம்போல் அரட்டையடிப்பதை நிறுத்திவிட்டது.

குழுவுக்குக் கிளம்புமுன் என்ன பேசலாம் என்று மகன் இன்னமும் சாட்பாட்டில் தட்டிப் பார்க்கிறான், நான் தடுப்பதில்லை. அந்த நண்பன் திரும்பப் பேச ஒரு மாதம் ஆனது.