எங்கள் விடுதியின் இணையத்தளம் விருந்தாளிகளிடம் என்னவெல்லாம் வாங்கியது: ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் நாங்கள் நடத்துவது நான்கு அறை உள்ள சின்ன விடுதி. வாசலில் இருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. போன வருடம் சீசன் தொடங்குவதற்கு முன், திருகோணமலை நகரில் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் எங்கள் தளத்தைச் செய்வித்தோம். முதல் வருட டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். அவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. விடுதி வைத்திருப்பவரோ, டைவிங் கடைக்காரரோ, புறாத் தீவுக்குப் படகு விடுபவரோ, நாளை வேறு யாரிடம் கொடுத்தாலும் இதே கூறுகளைத்தான் பொருத்திக் கொடுக்கப் பார்ப்பார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன திகதிக்கு வேலை முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் பிழையில்லாமல் வந்தன. படங்கள் எடுக்க வந்த தம்பி, விடியற்காலை ஐந்தரைக்கே வந்து கடலில் வெளிச்சம் ஏறும்வரை காத்திருந்து எடுத்தார். ஜூன் மாதம் மின்னஞ்சல் வேலை செய்யாமல் போன ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்து சரி செய்தார். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

பிரச்சினை எனக்குத் தெரியவந்தது ஜூலையில். இரண்டாம் இலக்க அறையில் ஜேர்மனியில் இருந்து வந்த ஒரு ஆசிரியை தங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டு நேரம், பிட்டும் மாம்பழமும் சாப்பிட்டுக்கொண்டே, "உங்கள் தளத்தைத் திறந்தபோது என் பிரவுசர் நிறைய விஷயங்களைத் தடுத்தது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மடிக்கணினியைக் கொண்டுவந்து எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வேர்க் என்ற பகுதியைத் திறந்து காட்டினார். முகப்புப் பக்கத்தைத் திறந்தது மட்டும்தான். எதையும் தொடவில்லை. அதற்குள் எங்களுடையது அல்லாத பதினொரு முகவரிகளுக்குத் தகவல் போயிருந்தது. கீழே ஒரு பெட்டி, "இந்தத் தளம் குக்கி பயன்படுத்துகிறது" (வருகிறவரை அடையாளம் வைத்துக்கொள்ள அவரின் பிரவுசரில் சேமிக்கும் சின்னக் குறிப்பு) என்று சொல்லி "சரி" என்ற ஒரே பொத்தானுடன் நின்றது. சரி என்று அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அந்தப் பதினொன்றும் போய்விடுகிறது. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை.

அன்றைக்குத்தான் நான் காசு கொடுத்து வாங்கியது என்ன என்று பார்க்கத் தொடங்கினேன்.

எழுத்துருவில் இருந்தே தொடங்குகிறேன், அதுதான் யாரும் சந்தேகப்படாத இடம். எங்கள் தளத்தின் அழகான தமிழ் எழுத்து, கூகுளின் சேவையகத்தில் இருந்து இறக்கப்படும்படி வைக்கப்பட்டிருந்தது. அப்படி இறக்கும்போது பார்ப்பவரின் ஐபி முகவரி அங்கே போகும். ஐபி முகவரி என்பது வீட்டு இலக்கம் இல்லை. எந்த இணைய நிறுவனம், ஏறக்குறைய எந்த ஊர் என்பதைக் காட்டும். அதுவும் எப்போதும் சரியாக இருக்காது. இங்கே திருகோணமலை மட்டிக்களியில் இருந்து போனில் பார்க்கும் என் தங்கையை அது கொழும்பு என்றே காட்டும். ஆனாலும் அது ஒருவருடைய இணைப்புக்கு உரிய அடையாளம். 2022 ஜனவரியில் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, இதே போல எழுத்துருவுக்காகத் தன் ஐபி முகவரி அனுமதியின்றி அனுப்பப்பட்டதற்காக வழக்குப் போட்டவருக்கு 100 யூரோ கொடுக்கும்படி தளம் வைத்திருந்தவருக்கு உத்தரவிட்டது. ஆசிரியை சொல்லித்தான் எனக்கு இது தெரியும். உத்தரவு கூகுளுக்கு இல்லை, தளம் வைத்திருந்தவருக்கு. அது என் மனதில் நின்றது. சரிப்படுத்தவோ அரை மணி நேரம் போதும்: எழுத்துருக் கோப்பை நம்முடைய ஹோஸ்டிங்கிலேயே வைத்துவிட்டால் முடிந்தது.

பக்கத்தில் பதித்த கூகுள் வரைபடமும் புறாத் தீவு யூடியூப் வீடியோவும் அதே மாதிரித்தான். நம் பக்கத்துக்குள் வேறொருவரின் பக்கத்தைப் பதித்தால், வருகிறவர் அங்கேயும் போய்வந்த கணக்கு. இரண்டையும் எடுத்துவிட்டேன். வரைபடம் இருந்த இடத்தில், அனுராதபுரச் சந்தியில் இருந்து நிலாவெளி வீதியால் எப்படி வருவது, ஓட்டோக்காரரிடம் எந்த அடையாளத்தைச் சொல்வது என்று வார்த்தையில் எழுதி, வரைபடத்துக்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறேன். உண்மையில் வார்த்தையில் எழுதியதைப் பார்த்துத்தான் ஆட்கள் சரியாக வருகிறார்கள்.

பேஸ்புக்கின் பிக்சல் என்ற துணுக்கும் இருந்தது. யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதைப் பேஸ்புக்கிற்குச் சொல்லும். அந்த ஆளுக்குப் பிறகு விளம்பரம் காட்ட உதவும். நாங்கள் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்கூடப் போட்டதில்லை. எங்களுக்குப் பயனே இல்லாமல், எங்கள் விருந்தாளிகளைப் பற்றி ஒரு வருடமாக அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டபோது, "பின்னால் விளம்பரம் செய்ய நினைத்தால் உதவும் என்று போட்டோம் அக்கா" என்றார் தம்பி. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அறை பதிவு செய்யும் படிவம்தான் எனக்குக் கோபம் வந்த இடம். பெயர், தொலைபேசி, திகதி, எத்தனை பேர். இவ்வளவும் வேண்டும். அதற்குக் கீழே அடையாள அட்டை இலக்கம் என்று ஒரு கட்டம், நட்சத்திரக் குறியுடன். நிரப்பாமல் அனுப்ப முடியாது. நாங்கள் அதைக் கேட்கச் சொல்லவே இல்லை. வந்து இறங்கியபின் பதிவேட்டில் எழுதுவோம், அது வேறு. விலை விசாரிக்கிறவர், வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் எதற்காக அடையாள அட்டை இலக்கம் தர வேண்டும்?

நம்முடைய இலக்கம் வெறும் இலக்கம் இல்லை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இலங்கை அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1988545 என்று தொடங்கினால், 1988 பெப்ரவரி 14இல் பிறந்த பெண். இலக்கத்தைத் தந்தவர் பிறந்த நாளையும் சேர்த்துத் தந்துவிடுகிறார். அதோடு பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரே மின்னஞ்சலில் இருக்கிறது. வேறொருவராக நடிக்க நினைப்பவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த மின்னஞ்சல் எனக்கு மட்டும் வரவில்லை. படிவத்தின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது, ஒவ்வொன்றின் பிரதியும் செய்து கொடுத்த நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் போகும்படி வைத்திருந்தார்கள். படிவம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஆரம்பத்தில் வைத்ததாம், எடுக்க மறந்துவிட்டார்களாம். தளத்தின் தரவுத்தளத்தில் 86 பதிவுகள் இருந்தன. எங்கள் விடுதியில் கால் வைக்காதவர்களுடையதும் அதில் உண்டு.

அரட்டைப் பொத்தானைப் பற்றி எழுதுவது கஷ்டம். பக்கத்தின் வலது மூலையில் "எங்களுடன் கதையுங்கள்" என்று ஒரு வட்டம். யாராவது அதில் எழுதினால் என் போனுக்கு வரும். அவர் எந்த ஊர், எந்த வகை போன், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதும் வரும். இதையெல்லாம்விட, இவ்வகைச் சேவைகள் சிலவற்றில் ஒரு வசதி இருக்கிறது: அவர் அனுப்புவதற்கு முன், எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து நமக்குத் தெரியும். எங்களுடையதில் அது திறந்து விடப்பட்டிருந்தது. எனக்குச் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலும், எழுதுகிறவருக்கும் தெரியும் போலும் என்று நான் நினைத்திருந்தேன்.

மே மாதம் ஒரு இரவு ஒரு பெண் எழுதினார். பிள்ளையுடன் தனியே வருவதாகத் தொடங்கி, ஏன் தனியே வருகிறார் என்பதை நான்கைந்து வரி எழுதினார். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தார். கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது, "இரண்டு நாளைக்கு அறை எவ்வளவு?" என்ற ஒரு கேள்விதான். அவர் அழித்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. ஒருவர் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ததை நான் வாசித்துவிட்டேன். அவருக்கு அது தெரியாது. விலையைக் குறைத்துச் சொன்னேன். ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்ல முடியவில்லை. அந்தப் பொத்தானை எடுத்த நாளில்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. இப்போது அந்த இடத்தில் தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கிறது. அதில் எழுதிய உரையாடல்கள் அரட்டைச் சேவையின் சேவையகத்தில் இருந்ததால், கணக்கை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றாக அழிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

விருந்தினர் குறிப்பேட்டில் படம் ஏற்றும் வசதியும் கேட்டு வாங்கியது நான்தான். வந்துபோனவர்கள் கோணேசர் கோவில் மலையில் எடுத்தது, கோட்டைக்குள் மான்களோடு எடுத்தது எல்லாம் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மட்டக்களப்பில் இருந்து வந்துபோன ஒரு அம்மா, எங்களிடம் வாங்கிய பனையோலைப் பெட்டியைத் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். போனில் இட அமைப்பு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எங்கள் தளம் அந்த மூலக் கோப்பை அப்படியே வைத்திருந்தது. யாரும் இறக்கிப் பார்க்கலாம். நான் இறக்கி, அந்த எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். குறி அவருடைய வீட்டுக் கூரையில் போய் நின்றது.

அன்றைக்கே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பெட்டியைத்தானே போட்டேன் பிள்ளை" என்றார். எல்லாப் படங்களையும் தளத்தில் இருந்து எடுத்துவிட்டேன். இப்போது யாராவது படம் தந்தால், இடத் தகவலை நீக்கிய பிறகுதான் நான் ஏற்றுகிறேன். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நீங்காது. இதை என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பியுடன் உட்கார்ந்து கதைத்தோம். "எல்லாத் தளத்திலும் இது இருக்கும்தானே அக்கா" என்றார் முதலில். பிறகு மியூனிக் கதையையும், நம் நாட்டிலேயே 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருப்பதையும் எடுத்துச் சொன்னேன். தேவையான அளவு மட்டும் வாங்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. எதற்காக வாங்குவது என்று முடிவு செய்கிறவர்தான் முதற்பொறுப்பாளி. அது நானும் என் கணவரும். தளம் செய்தவர் எங்களுக்காக வேலை செய்பவர். அவர் கவனமாகக் கேட்டார். இரண்டு நாளில் பிக்சல், வரைபடம், வெளி எழுத்துரு, அடையாள அட்டைக் கட்டம் எல்லாம் போயின. தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் செய்யும் மென்பொருளில் செய்யப்பட்டது என்பதால், ஒருவரின் தகவலைத் திரட்டிக் கொடுக்கவும் அழிக்கவும் 2018இல் இருந்தே அதில் கருவி இருக்கிறது என்பதையும் அவரே காட்டித் தந்தார். ஒரு வருடம் முன்பே காட்டியிருக்கலாம்.

இப்போது முகப்புப் பக்கத்தைத் திறந்தால் வெளி முகவரி ஒன்றுகூட இல்லை. குக்கிப் பெட்டியும் தேவைப்படவில்லை. என் பழைய போனில் ஒன்பது விநாடி எடுத்த பக்கம் நான்கு விநாடியில் திறக்கிறது. இந்தச் சீசனில் பதிவுகள் குறையவும் இல்லை.

வேலைத் திறனுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விருந்தாளிகளின் தகவலைக் கையாண்ட விதத்துக்கு, திருத்தியதையும் சேர்த்து, இரண்டு. செய்விக்கப்போகிறவர்கள் ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள்: பக்கத்தைத் திறந்தவுடன் எந்தெந்த வெளி முகவரிகளுக்குத் தகவல் போகும், படிவத்தின் பிரதி யாருக்கெல்லாம் போகும், காப்புப் பிரதி எத்தனை நாள் இருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்த 86 பதிவுகளின் பிரதி இன்னும் அவர்களின் மின்னஞ்சலில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அழித்துவிட்டதாக வாயால் சொன்னார்கள். எழுத்தில் தரும்படி மூன்று கிழமைக்கு முன் கேட்டிருக்கிறேன். ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்க இம்மாத முடிவு வரை நேரம் இருக்கிறது. கடிதம் வந்தால் இவர்களிடமே தொடர்வேன்.