‘டெஸ்டட்’ 486: காசு கொடுக்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் லாவண்டர் பக்கம் தொழிற்பேட்டை மாடியில் இருக்கும் ஒரு பழைய கணினிக் கடையில் 280 வெள்ளிக்கு ஒரு 486 ரகக் கணினி வாங்கினேன். எனக்கு வேண்டியது அதன் பிரிண்டர் போர்ட். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்து 378 ஹெக்ஸ் (16 அடிமான எண்) முகவரிக்கு ஒரு பைட் அனுப்பினால் எட்டு ஊசிகளும் உடனே மாறும்; நடுவில் டிரைவர் தொல்லை கிடையாது. சில கம்பிகளும் ரெசிஸ்டர்களும் இருந்தால் ஏடிமெகா8 என்ற குட்டி கன்ட்ரோலர் சிப்பில் நிரல் ஏற்றிவிடலாம். இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். “எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு அண்ணே” என்றார் கடைக்காரத் தம்பி.

வீட்டுக்கு வந்து செருகினால் சிப் வாயே திறக்கவில்லை. கணினி எழும்போது ஓடும் பயாஸின் திரையில் மட்டும் போர்ட் 378 என்று அழகாக வருகிறது. அதை நம்பாதீர்கள். பயாஸ் பார்ப்பது உள்ளே இருக்கும் ரெஜிஸ்டரை, அதாவது அனுப்பிய எண் தங்கும் இடத்தை. அங்கிருந்து ஊசிவரை செப்புத் தடம் போகிறதா என்று அதற்குத் தெரியாது.

மூடியைக் கழற்றினேன். போர்டில் இருந்த பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி எப்போதோ ஒழுகிச் செப்புத் தடங்களை அரித்திருக்கிறது. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, அரித்த இடத்தில் பச்சைப் பூச்சு அடித்து வைத்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டியதும் பூச்சு உரிந்து நீலப்பச்சைத் தூள் கொட்டியது. தெரியாமல் விற்றதாக இனி யாரும் சொல்ல முடியாது.

திரும்பக் கொண்டுபோனால், “இந்தக் காலத்துல பிரிண்டர் போர்ட் யாருக்கு அண்ணே வேணும்?” என்று ஒரு யுஎஸ்பி பிரிண்டர் கேபிளை நீட்டுகிறார். 486இல் யுஎஸ்பியே கிடையாது! புது லேப்டாப்பில் செருகினாலும் அந்தக் கேபிளுக்கு பிரிண்டரோடு பேசத்தான் தெரியும்.

கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், உண்டு. 6 மாதத்துக்குள் தெரியவந்த குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. தனியாளிடம் வாங்கினால் இது பொருந்தாது. ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்கு மன்றத்துக்குப் போகிறேன் என்றதும் பெட்டியை வாங்கிக்கொண்டு 200 வெள்ளியை பேநவ் வழியாக என் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். மீதி ‘சர்வீஸ் சார்ஜ்’ஆம்.

வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். டாஸோடு வரும் கியூபேசிக் நிரல்மொழியில் ‘அவுட் 888, 255’ கொடுத்தால் (378 ஹெக்ஸ்தான் சாதாரண எண்ணில் 888) 2 முதல் 9 வரை எல்லா ஊசியிலும் வோல்ட் ஏற வேண்டும். 255க்குப் பதில் 0 கொடுத்தால் இறங்க வேண்டும். மீட்டரின் கருப்பு முனை 25ஆம் ஊசியில் இருக்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதே பெட்டி மறுபடி ‘டெஸ்டட்’ சீட்டோடு அலமாரி ஏறிவிட்டது, இப்போது 320 வெள்ளி. பிளாப்பி டிரைவ் மூடியில் குறுக்கே ஒரு கீறல் இருக்கும்.