சாடியும் கோகோ கோலா பலகையும்: 'லேட் ஸ்பிரிங்' புளூ-ரே

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' (1949) படத்தை, பழைய படங்களைத் தட்டில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2012இல் புளூ-ரேயாக வெளியிட்டது. வாங்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, இது ஏ மண்டலத் தட்டு; அந்த மண்டலக் கருவிகளில்தான் ஓடும். இந்தியா சி மண்டலத்தில் வருகிறது. எல்லா மண்டலத் தட்டுகளையும் ஓட்டும் கருவி வீட்டில் இல்லையென்றால் நாற்பது டாலரைக் கொட்ட வேண்டாம். படத்தில் கீறல்கள் ஆங்காங்கே தெரிகின்றன. எனக்கு அவை உறுத்தவில்லை.

உறுத்துவது கூடவே வரும் விளக்கங்கள்.

கியோட்டோ விடுதியில் இரவு. கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்ட மகள் நொரிகோ பேசிக்கொண்டிருக்கையிலேயே பக்கத்தில் அப்பா தூங்கிப்போகிறார். அவள் முகத்தில் புன்னகை. அடுத்து ஒரு சாடி. மறுபடி முகம், இப்போது கண் கலங்கும் நிலை. மறுபடி சாடி. இந்தச் சாடியைப் பற்றி மேற்கில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் பால் ஷ்ரேடர் 1972இல் எழுதிய நூலில் இதை ஆன்மிக அமைதியின் வடிவமாகக் கண்டு, ஓசுவை ஜென் என்ற பௌத்த மரபோடு முடிச்சுப் போட்டார். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் 1988இல் அந்த ஜென் வாசிப்பை மறுத்தார். ஓசுவை அவருடைய ஸ்டூடியோவையும் ஹாலிவுட் ரசனையையும் நவீன டோக்கியோவையும் வைத்துப் படிக்கச் சொன்னார். நான் போர்டுவெல் பக்கம்.

காரணம் படத்திலேயே இருக்கிறது. நொரிகோ கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போகும் காட்சியில் கோகோ கோலா விளம்பரப் பலகை நிற்கிறது. அப்போது ஜப்பானை ஆண்டது அமெரிக்க ராணுவம். திரைக்கதைகளும் அதன் தணிக்கைக்குப் போயின. போர்க்காலக் கட்டாய வேலையால் நொரிகோவின் உடல் கெட்டதையும் படம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. சாடியைத் துருவியவர்கள் பலருக்குப் பலகை கண்ணில் படவில்லை.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. வயது ஏறும் மகள், மனைவியை இழந்த அப்பா, வரன் தேடும் அத்தை; உடனே "அப்படியே நம் வீட்டுக் கதை" என்று உருகிவிடுகிறோம். 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பு, இருவரின் சம்மதம் மட்டுமே திருமணத்துக்கு அடிப்படை என்று எழுதிவைத்திருந்தது. அந்தச் சட்டம் வந்து இரண்டே ஆண்டில், மகளைச் சம்மதிக்கவைக்க அப்பா ஒரு பொய் சொல்கிறார். அது வெறும் குடும்பப் பாசம்தானா?

இணைப்பாக ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் 'டோக்கியோ-கா' (1985) ஆவணப்படம் முழுமையாக இருக்கிறது. ஓசுவின் டோக்கியோவைத் தேடி வந்தவர் பச்சின்கோ என்ற சூதாட்டக் கூடங்களிலும் மெழுகு உணவு செய்யும் பட்டறையிலும் நெடுநேரம் நின்றுவிடுகிறார். சுற்றுலாப் பயணியின் பிரமிப்பு. ஆனால் ஓசுவின் ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா வரும் பகுதிக்காகவே தட்டை வாங்கலாம். கேமராவை எவ்வளவு தாழ்த்தி வைப்பார்கள் என்று அவர் தரையில் படுத்தே காட்டுகிறார். ஓசு ஷாட்டுகளை அளந்த ஸ்டாப்வாட்சை எடுத்துக் காட்டுகிறார். கடைசியில் பேச முடியாமல் அழுகிறார். ஜென் என்ற பேச்சு அங்கே தேவைப்படவே இல்லை.

படம் ஓடும்போதே ஒலிக்கும் உரை விளக்கம் ரிச்சர்ட் பென்யா. கட்டுரைகள் மைக்கேல் அட்கின்சன், டொனால்ட் ரிச்சி. ரிச்சி வாழ்நாளின் பெரும்பகுதியை டோக்கியோவில் கழித்தவர், சரி. ஆனால் ஒரு ஜப்பானிய விமர்சகர்கூட இல்லை. ஓசு படங்களின் வெயிலையும் சாப்பாட்டையும் உடை மாற்றலையும் பார்க்கச் சொன்ன ஷிகேஹிகோ ஹசுமியின் நூல் 1983லேயே வந்தது; 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அடுத்த பதிப்பின் கையேட்டில் அவருக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கினால், மறுபடியும் காசு கொடுத்து வாங்குவேன்.