டிரையம்ஃப் டி100சி: வேல்ஸ் சேற்றில் 4 சீசன்

என்னிடம் இருப்பது 1970ஆம் வருட டிரையம்ஃப் டி100சி, பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள். 490 சிசி, இரட்டை சிலிண்டர், நாலு கியர். வேல்ஸ் மலைக்காட்டில் நடக்கும் மூன்று மணி நேர எண்டூரோ (கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓட்டும் பைக் பந்தயம்) போட்டிகளில் 4 சீசனாக இதைத்தான் ஓட்டுகிறேன். ஸ்டார்ட்டில் பக்கத்தில் நிற்பவை 105 கிலோ சொச்சம் எடையுள்ள புது வண்டிகள். என்னுடையது 150 கிலோவைத் தாண்டும்.

இந்த மலையும் இந்த வண்டிகளும் பழைய சொந்தம். 1949, 1950, 1954, 1961 வருடங்களில் வேல்ஸின் லாண்ட்ரின்டாட் வெல்ஸ் என்ற ஊரில்தான் சர்வதேச ஆறு நாள் மோட்டார்சைக்கிள் போட்டி நடந்தது. அதற்கு முன் 1948இல், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த அதே போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியவற்றில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் உண்டு. பிறகு மெட்ராஸில் தயாரானதே, அந்தப் புல்லட்தான். அப்பாவின் பழைய புல்லட்டில் பழகிய கால் என்பதால் வலது பக்க கியர் எனக்குத் தடுமாற்றம் தரவில்லை. புது வண்டியிலிருந்து நேராக இதில் ஏறுபவர்கள் ஒரு மாதமாவது சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதித்துவிடுவீர்கள்.

ஏற்றத்தில்தான் இதன் அருமை தெரியும். ஈர வேரிலும் வழுக்குப் பாறையிலும் புது வண்டிகள் பின்சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டும் இடத்தில், இரண்டாவது கியரில் த்ராட்டிலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும். இன்ஜினுக்குள் இருக்கும் கனமான சுழல்சக்கரம் (ஃப்ளைவீல்) வண்டியை மேலே உருட்டிக்கொண்டு போய்விடும்.

இறக்கம் வேறு கதை. ஓடையைத் தாண்டினால் பிரேக் ட்ரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும், லீவரை இறுக்கினாலும் பிடிக்காது. கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி ஷூவைக் காய வைத்துக்கொள்வேன். இரண்டு மணி நேரம் தாண்டினால் மணிக்கட்டு கெஞ்சும்.

இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் அதிர்வு அதிகம். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சைலன்சர் பிராக்கெட்டை நான் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

போன வருடம் இரண்டாவது சுற்றில் த்ராட்டில் கேபிள், முனையில் இருக்கும் நிப்பிளோடு அறுந்தது. ஆறு நாள் போட்டிக்காரர்களின் பழைய வழக்கப்படி, ஓடும் கேபிளுக்குப் பக்கத்திலேயே உதிரிக் கேபிளை டேப் சுற்றி வைத்திருந்தேன். முனையை மட்டும் மாட்டினேன், மரத்தடியிலேயே வேலை முடிந்தது, போட்டியையும் முடித்தேன். பழைய வண்டியோடு காட்டுக்குப் போகிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தீப்பொறிக்கான பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், நுரை ஏர் ஃபில்டர், புது டயர். நான் மாற்றியது இவ்வளவுதான். பின் சஸ்பென்ஷனை நீட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ஃப்ரேமை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, வெட்டவும் மாட்டேன்.

இப்போது கிளட்ச் தட்டுகளை மாற்ற இடது பக்க மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.