கேசட் டு யூஎஸ்பி பிளேயர்: யாருக்குச் சரிவரும்?

பழைய கேசட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றும் கருவி இது. பார்க்க வாக்மேன் மாதிரி இருக்கும், பக்கவாட்டில் ஒரு யூஎஸ்பி வாய். பல பெயர்களில் விற்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் பலவற்றின் உள்ளேயும் கிட்டத்தட்ட ஒரே எந்திரம்தான்.

டிஜிட்டல் பாதியில் பெரிய குறை இல்லை. செருகியதும் கணினி அதை மைக்காக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாகப் பதியுங்கள். நிமிடத்துக்கு 10 எம்பி சொச்சம் பிடிக்கும். மைக் என்று நினைப்பதால் விண்டோஸ் சில சமயம் மோனோவில் வைத்துவிடும். சவுண்ட் செட்டிங்கில் 2 சேனல் ஆக்கிவிடுங்கள். உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட ஒலியை அப்புறம் எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

சொதப்புவது கேசட் பாதிதான். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. என்று சீராக ஓட வேண்டும். இதில் அந்தச் சீரைக் காக்கும் சக்கரமான ஃப்ளைவீல் சின்னது, பெல்ட் மெலிசு. பேச்சில் தெரியாது; புல்லாங்குழல் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும்போது அது அலைவது நன்றாகவே கேட்கும். சராசரி வேகமும் பிசகும். 5 நிமிடப் பாட்டு 4:51-இலேயே முடிந்தால் 3 சதவீதம் வேகம், அதாவது சுருதி ஏறத்தாழ கால் சுரம் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் வேகத்தை மாற்றும் சின்ன திருகு இருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பினால் போதும்.

ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால், பெரும்பாலும் ஹெட்டின் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) சாய்வு சரியில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகை, பாட்டு ஓடும்போதே, மோனோவில் கேட்டபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். 'ஸ்', 'ச' எங்கே கூர்மையாக விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேறு டெக்கில் (பெரிய கேசட் ரெக்கார்டர்) பதிந்த கேசட்டுக்கு இது மாறும்.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி இதில் கிடையாது. குரோம் நாடா என்ற வேறு வகை நாடாவுக்கான சுவிட்சும் கிடையாது. டால்பியில் பதிந்தவையும் குரோம் கேசட்டுகளும் இரைச்சலோடு, தேவைக்கு மேல் கீச்சென்று ஒலிக்கும்.

போடும் முன் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டுக்குள் ஹெட் அழுந்தும் இடத்தில் உள்ள சின்ன பஞ்சுப்பட்டை விழுந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும். குறை பிளேயரில் இல்லை. 120 நிமிட கேசட்டை இதில் போடவே போடாதீர்கள். அந்த நாடா அவ்வளவு மெலிசு, உருளையில் சுற்றிக்கொள்ளும்.

உரை, நேர்காணல், வீட்டாரின் குரல் என்றால் இது தாராளமாகப் போதும். இசைக்கு வேண்டாம். நல்ல பழைய டெக் ஒன்றுக்குப் புது பெல்ட் மாட்டி, அதன் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுப்பதே சரி. ஆனால் டெக்கில் ரெக்கார்ட் பொத்தான் இருக்கும்; தவறி அழுத்தினால் பழைய பதிவு அழிந்துவிடும். போடும் முன், நாடா தெரியும் விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள்.