வியன்னா சிஸி அருங்காட்சியகம்: ஒரு தையல்காரியின் பார்வையில்

தையல்தான் என் தொழில். அதனால் எந்த அரண்மனைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் துணியைத்தான் தேடும். வியன்னாவில் ஹோஃப்பர்க் அரண்மனைக்குள் இருக்கும் சிஸி அருங்காட்சியகத்தையும் அப்படித்தான் பார்த்தேன். மனம் நிறைந்தது.

சிஸி என்ற எலிசபெத், 1837இல் மியூனிக்கில் பிறந்த பவேரிய இளவரசி. 16 வயதில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபை மணந்தார். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 50 செ.மீ. சுற்றளவு இடுப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அவருடைய நேர்த்தி வேறு இடத்தில் தெரிகிறது. எதை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு வழிவிட வைத்தவர் அவர்.

1865இல் வின்டர்ஹால்டர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தைப் பாருங்கள். பாரிஸ் தையல் கலைஞர் வொர்த் தைத்த வெள்ளை நெட் கவுன், தோள் தெரியும் கழுத்து வெட்டு, அடுக்கடுக்காகப் பரந்து விழும் பாவாடை. அத்தனை கஜம் துணி இருந்தும் நம் பார்வை நேராகப் போவது பின்னலில் செருகிய வைர நட்சத்திரங்களுக்குத்தான். கிரீடம் வைத்திருந்தால் அந்தக் கூந்தல் மறைந்தே போயிருக்கும். அந்த நட்சத்திர நகையின் மாதிரியை இங்கே வைத்திருக்கிறார்கள். (அசலில் ஒன்று 1998இல் ஷோன்புருன் அரண்மனைக் கண்காட்சியில் திருடுபோய், 2007இல் கனடாவில் கிடைத்தது.)

நான் அதிக நேரம் யோசித்தது, சிஸி ஹங்கேரியின் ராணியாக முடிசூடிய விழாவின் உடையைப் பற்றித்தான். 1867இல் உடுத்தியது, அதுவும் வொர்த்தின் கைவண்ணமே. கறுப்பு வெல்வெட் ரவிக்கை, அதன் முன்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக முத்துச் சரங்கள், வெள்ளைப் பாவாடைமேல் லேஸ் ஏப்ரன். ஹங்கேரியப் பெண்களின் மரபு உடையை எடுத்துக்கொண்டு, ராணிக்கு ஏற்றபடி உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளைக்கு நடுவே அந்தக் கறுப்பு ரவிக்கை இருக்கிறதே, அதுதான் மொத்த உடையையும் தாங்குகிறது. ஒரு நாட்டு மக்களை அவர்களுடைய உடையாலேயே மதிக்கிற இந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள்: இங்கிருக்கும் உடைகளில் சில, அசலைப் பார்த்து மறுபடி தைத்தவை. எனக்கு அது குறையாகப் படவில்லை. வெட்டும் மடிப்பும் உடம்பில் எப்படி நின்றிருக்கும் என்று புரிந்துகொள்ள அவையே போதும்.

அப்புறம் பேரரசியின் தனி அறைகள். அதே டிக்கெட்டில் பார்க்கலாம். கணுக்கால் வரை நீண்ட கூந்தலைச் சீவி முடிக்கத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகுமாம். அரண்மனை நாடக அரங்கில் சிகையலங்காரம் செய்துவந்த ஃபானி ஆங்கரரை இதற்காகவே வேலைக்கு எடுத்தார். தலை வாரும் நேரத்தில் சிஸி ஹங்கேரிய மொழியும் கிரேக்கமும் படித்தார். அதே அறையில் உடற்பயிற்சி வளையங்களும் சுவர்க் கம்பிகளும் இன்னும் இருக்கின்றன. அந்த நிமிர்ந்த முதுகு, இடுப்பை இறுக்கும் உள்ளாடையான கோர்செட் மட்டும் தந்ததல்ல என்று அங்கே நின்றபோது தோன்றியது. பட்டினி கிடந்து உடம்பை வருத்தியதும் இந்தக் கதையில் உண்டு. அதை நான் அழகு என்று சொல்ல மாட்டேன்.

பேரரசரின் வேலை அறையையும் விட்டுவிடாதீர்கள். கூந்தல் அவிழ்ந்த சிஸியின் ஓவியம் அங்கே மாட்டியிருக்கிறது. நகையோ கிரீடமோ இல்லாத அந்த முகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

1889இல் மகன் ருடால்ஃப் இறந்த பிறகு சிஸி கறுப்பையே உடுத்தினார். கறுப்புக் கல் நகைகள், விசிறி, குடை என்று எல்லாம் அதற்கேற்ப மாறிவிட்டன. முப்பது வயதைத் தாண்டிய பிறகு கேமராவுக்கு முகம் காட்ட மறுத்தவர், விசிறியையும் குடையையுமே திரையாக்கிக்கொண்டார். 1898இல் ஜெனீவாவில் அவரைக் குத்திக் கொன்ற அரமும் இங்கே காட்சிக்கு இருக்கிறது. நான் அங்கே அதிகம் நிற்கவில்லை.

தையல், ஃபேஷன் படிக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். நகைகளின் ஜொலிப்பை மட்டும் தேடி வருகிறவர்களுக்கு அதே ஹோஃப்பர்க்கில் உள்ள அரச கருவூலம் சரியான இடம். ஹெரன்காஸே மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். ஆடியோ கைடு டிக்கெட்டிலேயே அடக்கம், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஷோன்புருன் அரண்மனைக்கும் போகிற எண்ணம் இருந்தால், இரண்டுக்கும் சேர்த்துத் தரும் 'சிஸி பாஸ்' எடுப்பது நல்லது.