கலர் அனாலிசிஸ் சீட்டை நம்பி ஃபவுண்டேஷன் வாங்கலாமா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் கல்யாண மேக்கப் பேக்கேஜோடு இப்போது சேர்ந்து வரும் புது அயிட்டம் சீசனல் கலர் அனாலிசிஸ். தோளில் துணி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஸ்பிரிங், சம்மர், ஆட்டம் (இலையுதிர் காலம்), வின்டர் என்று உங்கள் நிறத்தை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். அதை இன்னும் நுணுக்கிப் பன்னிரண்டில் ஒன்றில் நிறுத்துகிறார்கள். கடைசியில் ஃபவுண்டேஷன் ஷேட் எழுதிய சீட்டு ஒன்றும் கைக்கு வருகிறது. பிளவுஸ், புடவை, லிப்ஸ்டிக் தேர்வுக்கு இந்தச் சேவைக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். ஃபவுண்டேஷனுக்கு அந்தச் சீட்டு பாதி வேலைதான் செய்யும்.

காரணம் எளிது. துணி சொல்வது மூன்று விஷயம்: உங்களுக்கு எடுப்பது சூடான நிறமா குளிர்ந்த நிறமா, ஆழமானதா வெளிரானதா, பளிச்சென்றதா மங்கலானதா. இதில் 'ஆழம்' என்பது முடி, கண், தோல் மூன்றையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. கருகரு முடியும் கருவிழியும் உள்ள நம்மூர்ப் பெண்களில் மாநிறக்காரருக்கும் நல்ல கறுப்பாக இருப்பவருக்கும் ஒரே 'டீப் வின்டர்' (பன்னிரண்டில் ஆழமான வின்டர் பிரிவு) வரலாம். இருவருக்கும் ஒரே பாட்டில் பொருந்துமா? பொருந்தாது. தோலின் ஆழத்தைத் தோலில் தடவித்தான் பார்க்க முடியும்.

அடுத்தது இன்னும் பெரிய சிக்கல். வின்டர் என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் ரோஸ் என்று கணக்குப் போட்டு ரோஸ் கலந்த ஷேட்டை எழுதிவிடுகிறார்கள். வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகளின் கணக்கு அது. பழுப்புத் தோலில் குளிர்ச்சி பெரும்பாலும் ரோஸாக வராது. லேசான பச்சை கலந்த ஆலிவாகவோ, மஞ்சளும் சிவப்பும் சமமான நியூட்ரலாகவோதான் வரும். அதன்மேல் ரோஸ் ஷேட் போட்டால் முகம் முகமூடி மாட்டியது போலத் தனியாகத் தெரியும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையையும் விட்டுவிடலாம். ஆழ்ந்த நிறத்தில் நரம்பே சரியாகத் தெரியாது.

துணிச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இந்த எல்லைப் பக்கத்தில் அருமையான அளவுகோல் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: கசவு முண்டின் சந்தன வெள்ளையும், சாதாரண வேட்டியின் தூய வெள்ளையும். மேக்கப் இல்லாத முகம், முடியை மறைத்து ஒரு வெள்ளைத் துணி, எதிரே ஜன்னல். முதலில் தூய வெள்ளையை, பிறகு சந்தன வெள்ளையைத் தாடைக்குக் கீழே ஒட்டிப் பிடியுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், வாயைச் சுற்றியுள்ள கருமையையும் கண்ணுக்குக் கீழேயும் பாருங்கள். பொருந்தாத வெள்ளையில் அந்தக் கருமை கனத்து, மூக்கோரக் கோடு ஆழமாகும். பொருந்தும் வெள்ளையில் அது பின்வாங்கி, தாடை ஓரம் தெளியும். இதையே தங்க ஜரிகை, வெள்ளி ஜரிகையிலும் செய்யலாம். தூய வெள்ளையும் வெள்ளியும் எடுத்தால் குளிர்ச்சி, சந்தன வெள்ளையும் தங்கமும் எடுத்தால் சூடு. நம்மூரில் அடிக்கடி வரும் முடிவு இரண்டும் சுமாராகப் பொருந்துவது. அப்படியானால் நீங்கள் நியூட்ரலுக்குப் பக்கம். டீப் ஆட்டமா டீப் வின்டரா என்று அடித்துக்கொள்வதில் ஃபவுண்டேஷனுக்கு எந்த லாபமும் இல்லை.

முடிவைக் கெடுப்பவை சில. நலங்குக்குப் பூசிய மஞ்சள் முதலிடம்: கறை ஓரிரு நாள் நிற்கும், யாரையும் சூடான நிறமாகக் காட்டும். ஃபேஷியல், பிளீச், த்ரெடிங் முடித்த சிவப்பு அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் மூன்று நாள் தள்ளி வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்டுடியோ நல்ல ஸ்டுடியோ. மருதாணி போட்ட முடியை மறைக்காவிட்டால் செம்மை கன்னத்தில் விழும். சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்திருந்தாலும் அதே கதை.

வெளிச்சம்தான் பாதி வழக்கு. நகைக்கடை மாதிரி 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் எல்லா ஷேட்டும் பொருந்தும். 5000 முதல் 5500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் எண்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 90-க்கு மேல் உள்ள விளக்கு, அல்லது நேர் வெயில் படாத ஜன்னல் வெளிச்சம் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கனத்த மேகத்தில் வெளிச்சம் நீலமாக இருக்கும், அன்றைக்கு விளக்கை நம்புவதே மேல்.

இனி பாட்டில் சோதனை. பக்கத்துப் பக்கத்து ஆழத்தில் மூன்று ஷேட்டை எடுத்து, கன்னத்தின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி இரண்டு அங்குலக் கோடுகளாக இழுக்க வேண்டும். புறங்கையில் வேண்டாம், கையும் முகமும் ஒரே நிறமில்லை. பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் ஆவியாகி, தோலின் எண்ணெய் நிறமிகளை நனைத்ததும் ஷேட் சற்றுக் கறுக்கும். முகத்தில் தேங்காய் எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் கறுக்கும், வழுக்கவும் செய்யும். அதன் பிறகும் எந்தக் கோடு கழுத்தில் காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. வெயிலில் முகம் கறுத்திருந்தால் கழுத்தைப் பாருங்கள், முகத்தை அல்ல.

முகம் சாம்பல் பூத்தால், டைட்டானியம் டை ஆக்சைடு மிகுந்த வெளிர் ஷேட் என்று பொருள். 'ஒரு ஷேட் தூக்கிப் போடலாம்' என்பவர்கள் தருவது இதைத்தான். ஃப்ளாஷ் அடித்ததும் முகம் வெளுத்து, கழுத்து தனியாக நிற்கும். ஆரஞ்சாகத் தெரிந்தால் ஆழம் சரி, சிவப்பு அதிகம். ஒரு பம்ப்புக்குப் பல்குத்தி முனையளவு நீல மிக்சர் (ஷேட்டைத் திருத்த ஃபவுண்டேஷனில் கலக்கும் நிறமி) கலந்தால் ஆலிவ் பக்கம் திரும்பும். சொட்டு விட்டால் முகம் பச்சை. இரண்டு ஷேட்டுக்கு நடுவில் மாட்டினால் இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் கலந்து, அந்த விகிதத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கடையில் எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேக் (MAC) பிராண்டின் ஷேட்களில் என்சி (NC) மஞ்சள் சாயலுள்ள தோலுக்கு, என்டபிள்யூ (NW) ரோஸ் சாயலுக்கு. சீட்டில் 'கூல்' என்றிருப்பதால், 'சி' என்றால் கூல் என்று நினைத்து என்சி கேட்டால் நேர்மாறானது கிடைக்கும். மேபலின் ஃபிட் மீயில் 310, 330 என எண் ஏற ஏற ஆழம் கூடும். அண்டர்டோனை, அதாவது தோலின் அடிச்சாயலை, கோடு இழுத்துத்தான் அறிய வேண்டும்.

சர்ச்சில் வெள்ளைப் புடவை, பிறகு சிவப்பு மந்திரகோடி (மாப்பிள்ளை வீட்டார் தரும் கல்யாணப் புடவை) என்று மாற்றும் மணமகளுக்கு ஃபவுண்டேஷனை மாற்றத் தேவையில்லை. மாற வேண்டியது பிளஷும் லிப்ஸ்டிக்கும். சீசன் சீட்டு கைகொடுப்பது அங்கேதான். சீசன் ஆண்டு முழுக்க மாறாது, தோலின் ஆழம் மே மாத வெயிலுக்கும் ஆவணிக்கும் நடுவே மாறும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே பெரிய பாட்டில் வாங்கி வைக்காதீர்கள்.

புக் செய்யும்போது போனிலேயே கேளுங்கள்: துணி போடுவது எந்த வெளிச்சத்தில்? தாடையில் கோடு இழுத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் முழு பேக்கேஜும் எடுக்கலாம். வராவிட்டால் துணிச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, ஃபவுண்டேஷனை டெஸ்டர் இருக்கும் கடையில் பகலில் போய் வாங்குங்கள்.